இடிக்கும் அதிகாரமும் கேட்கும் கடமையும்

ஊர்களில் மனைகள் ஒழுங்குபட அமைதற்கும், வீதியும் வடிகாலும் தடையின்றி இருத்தற்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கட்டடங்கள்மீது அதிகாரம் இருத்தல் இன்றியமையாதது. அனுமதியின்றி எழுந்த கட்டடத்தை அகற்றுவிக்கும் அதிகாரமும் அதனுள் அடங்கும். ஆயினும், அகற்றுவிக்கும் அதிகாரம் வேறு. உடையவரைக் கேளாது உடனே இடித்துவிடும் அதிகாரம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் குடிமக்களுக்கும் மன்றத்தார்க்கும் ஒருங்கே நலம் பயப்பதாம்.

இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்திய பழைய தீர்ப்பு 1863ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வழங்கப்பட்டது. அத்திவாரம் வெட்டுவதற்கு ஏழு நாள் முன்னர் வட்டார வேலைச் சபைக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்பதும், கொடாவிடின் சபை கட்டடத்தை இடிக்கலாம் என்பதும் 1855ஆம் ஆண்டின் இலண்டன் நகரச் சட்டம். கூப்பர் என்பவரின் அறிவித்தல் தமக்குக் கிட்டவில்லை என்ற வண்ட்ஸ்வேர்த் சபையார், அவரது வீடு இரண்டாம் மாடியளவுக்கு எழுந்த நிலையில், அவரை ஒரு சொல்லும் கேளாது ஆட்களை அனுப்பி இடித்தனர். விசாரணை வேண்டுமெனச் சட்டம் யாண்டும் கூறவில்லை என்பது அவர்தம் வாதம். நீதிபதிகள் அதனை ஏற்றிலர். சட்டம் வாளாவிருக்கும் இடத்தை நீதியே நிரப்பும்; ஒருவரது உடைமையை அழிக்குமுன் அவர் கூறுவதைக் கேட்டே ஆதல் வேண்டும் எனத் தீர்த்தனர். ஆதாமைத் தண்டிக்குமுன் இறைவனும் அவனை வினவினார் என்னும் விவிலியச் செய்தியை நீதிபதி பைல்ஸ் அங்கு எடுத்துக்காட்டினார்.

இலங்கைச் சட்டம் ஒருபடி மேற்சென்று, சபைக்கும் கடப்பாரைக்கும் இடையே நீதவானை நிறுத்தியுள்ளது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நடைமுறையிலுள்ள இடங்களில், அனுமதியற்ற கட்டடத்தை இடிப்பதற்கு நீதவான் நீதிமன்றின் ஆணை பெறப்படல் வேண்டும். உடையவர் அதற்கு அமையாவிடின், நீதிமன்றம் அளிக்கும் அதிகாரத்துடன் சபை இடித்துச் செலவை அறவிடலாம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்திற் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவும் இவ்வழியினதே. முதலில் எழுத்துமூல அறிவித்தல், இணங்காவிடின் நீதவானிடம் விண்ணப்பம், எதிராளிக்கு அழைப்பு, அதன் பின்னரே ஆணை. வீதித்தடையை அகற்றுதல் போன்ற சில கருமங்களுக்கு மட்டும் வேறு வழிகள் வகுக்கப்பட்டுள்ளன.

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாகக் கற்பிட்டிவரை நீளும் புத்தளக் கரையில் இஃது ஏட்டுச்சுரைக்காயன்று. கரைவலை இழுப்போரின் கிடுகு வாடிகள் கடலை ஒட்டியே நிற்கின்றன. வாடி ஒரு நாழிகையிற் சரியும். வலையும் கருவாடும் பாயும் அதனோடு போம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். ஆங்கு அபிவிருத்தி வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நிலம் அரசினதாயின், 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் மீட்புச் சட்டம் குறைந்தது 30 நாள் அவகாசமும் நீதவான் விசாரணையும் விதிக்கின்றது. ஆயினும் அவ்விசாரணையிற் கூறத்தக்க எதிர்வாதம் மிகக் குறுகியது. செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் பிற எழுத்து அதிகாரமோ காட்டல் வேண்டும். தலைமுறையாக இருந்தோம் என்பது ஆங்குப் போதாது.

அங்ஙனமாயின் கேட்பதனாற் பயன் யாது? கேட்டல் முறையற்ற கட்டடத்தை முறையானதாக்காது. ஆனால் எல்லைக்கோடு தவறியதும், வேறொருவர் பெயரில் அறிவித்தல் சென்றதும், பெட்டியில் அனுமதிப்பத்திரம் கிடந்ததும் கேட்டாலன்றி வெளிப்படா. இடித்தபின் அறிந்த உண்மை கூரையாகாது. முறைதவறிய ஆணையை மேன்முறையீட்டு நீதிமன்றின் எழுத்தாணையால் நீக்கலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதாயின் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றை நாடலாம். இந்திய உயர்நீதி பீடமும் 2024 நவம்பர் 13இல், 15 நாள் முன்னறிவித்தலும் விசாரணையுமின்றி இடித்தலாகாது என விதித்தது. பொதுவீதி, நீர்நிலை முதலியவற்றின் ஆக்கிரமிப்புகளுக்கு விலக்களித்தது.

இக்கோட்பாடு மன்றங்களுக்கும் காவலே. 1966இல் யாழ்ப்பாண மாநகர சபை அமைச்சராற் கலைக்கப்பட்டபோது, சபையின் சொல்லைக் கேட்டிருத்தல் வேண்டும் என்று இலண்டன் கோமறைக் கழகம் கூறியது. சபை தானே முறையிடாமையால் முதல்வர் துரையப்பாவின் மேன்முறையீடு தோற்றதாயினும், கொள்கை நிலைத்தது. தன்னைக் கேளாது கலைத்தலாகாது எனக் கோரும் உரிமையுடைய மன்றம், குடிசையாரைக் கேளாது கூரை பிரித்தல் எங்ஙனம் பொருந்தும்? ஆதலின், அறிவித்தல் பெற்றோர் அதனைப் பேணி, குறித்த நாளிற் பத்திரங்களுடன் முன்னிலையாதல் வேண்டும். மன்றத்தாரும் அந்நாள்வரை கைகாத்தல் வேண்டும்.