விடிந்ததும் கை நடுங்குதா? குடியை திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து!

விழுப்புரம்,

மரக்காணம் அருகே உள்ள எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தை நம்ம மாவட்டத்துக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023-ம் ஆண்டு மே மாதம் அங்கு விஷ சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து சுருண்டு விழுந்தனர். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் பரிதாபமாக இறந்தார்கள். பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதே நாட்களில் சாவு விழுந்தது.

அந்த சோகம் ஆறுவதற்குள் 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். (2019 வரை அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான்.)

இரண்டு இடத்திலும் எமனாக வந்தது தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் மெத்தனால். வாசனையிலோ ருசியிலோ இதை கண்டுபிடிக்க முடியாது. குடித்த உடனே எதுவும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் உடம்புக்குள் அமிலமாக மாறி வேலையை காட்டும். வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண் புகை மூட்டமாக தெரிதல் என்று வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. சீக்கிரம் போனால் மாற்று மருந்தும் டயாலிசிசும் காப்பாற்றும். 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று பயந்து வீட்டிலேயே படுக்க வைத்தால் கண் போகும், உயிரும் போகும்.

சரி, டாஸ்மாக் கடைதான் இருக்கே, ஏன் இந்த கருமத்தை தேடிப்போறாங்க? இரண்டு சம்பவத்தின் போதும் டீக்கடைகளில் கேட்ட கேள்வி இது. காசு குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. தினமும் குடிப்பவருக்கு கை நடுங்குவதோ விடியற்காலை 5 மணிக்கு!

நடுக்கம் ஏன்?

பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டினால் ஆக்சிலேட்டரை அதிகமா முறுக்கத்தான் வேண்டும். வருஷக்கணக்கா குடிப்பவரின் மூளையும் அப்படி பழகி விடுகிறது. சரக்குதான் பிரேக். அதை பட்டென்று எடுத்தால் என்ஜின் தறிகெட்டு ஓடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். ஒரு டம்ளர் உள்ளே போனதும் நடுக்கம் நின்று விடும். அந்த ஆள் காலையில் குடிப்பது ஜாலிக்காக இல்லை, டீ கிளாசை கையில் பிடிப்பதற்காக. இதை 'திமிர்' என்று சொல்லி அடிப்பதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

நம்ம ஊரில் குடியை விடுவது எப்படி? கோவிலில் கயிறு கட்டுவார்கள். சபரிமலைக்கு மாலை போடுவார்கள். குழந்தை தலையில் அடித்து சத்தியம் செய்வார்கள். அன்றோடு ஒரேயடியாக நிறுத்துவார்கள். எப்போதாவது குடிப்பவருக்கு இதில் ஆபத்து இல்லை. தினமும் மொடாக்குடி குடிப்பவருக்கு நிறுத்திய முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 2-வது, 3-வது நாளில் 'சுவத்துல பூச்சி ஓடுது', 'யாரோ வெட்ட வர்றான்' என்று உளற ஆரம்பிக்கலாம். பேய் பிடித்து விட்டது என்று மந்திரிக்க கூட்டிப்போனால் ஆள் செத்தே போகலாம். சாமி மேல் நம்பிக்கை இருக்கட்டும், அந்த முதல் வாரம் மட்டும் டாக்டர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல பிரிவு உள்ளது. திண்டிவனம், மரக்காணம் பக்கம் இருப்பவர்களுக்கு புதுச்சேரி ஜிப்மர் பக்கம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மாத்திரை கொடுத்து, சில நாட்களில் படிப்படியாக குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு போகாமல் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெளிஞ்சிடும்' என்று நினைக்காதீர்கள். பி1 சத்து வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோசை ஏற்றினால் மூளை பாதிக்கும்.

சாம்பாரில் கலக்கும் மருந்து

'குடிப்பவருக்கு தெரியாமல் கொடுக்கலாம்' என்று பஸ் நிலைய சுவர்களில் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். தாலியை அடகு வைத்து வாங்குகிற பெண்களும் உண்டு. அந்த பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியுமோ என்னவோ. டைசல்பிராம் என்ற மாத்திரை நிஜமாகவே இருக்கிறது. அதை சாப்பிட்டு விட்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். அதனால்தான் டாக்டர்கள் நோயாளியிடம் விளக்கி, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார்கள். தெரியாமல் கலந்து கொடுப்பது விஷம் வைப்பது மாதிரி.

இன்னொரு ஆபத்து, அனுமதி இல்லாத 'மீட்பு மையங்கள்'. விக்கிரவாண்டி அருகே குண்டலபுலியூரில் உரிய அனுமதி இல்லாமல் நடந்த ஆசிரமத்தில் இருந்து 2023 பிப்ரவரியில் 100-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டது நினைவிருக்கலாம். 2017-ம் ஆண்டு மனநல சட்டப்படி, யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது. மையம் பதிவு பெற்றதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கஞ்சா, வலி மாத்திரையை கரைத்து ஊசி போடும் பையன்களுக்கும் இதே மனநல பிரிவில் சிகிச்சை உண்டு. ஒரே ஊசியை 4 பேர் போட்டுக்கொண்டால் எய்ட்ஸ், மஞ்சள் காமாலை கிருமிகளும் கூடவே வரும்.

சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடியும் குடித்து விட்டால்? பல பேருக்கு நடப்பதுதான். மறுபடியும் கூட்டிப்போங்கள். சர்க்கரை ஏறினால் திரும்ப டாக்டரிடம் போவதில்லையா? குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் போதை மீட்பு சிகிச்சை மையம் தொடங்கினார். அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு.

விவரம் கேட்க மத்திய அரசின் இலவச எண் 14446, தமிழக அரசின் 104. சாராய விற்பனையை சொல்ல 10581.

டாக்டரிடம் வெட்கப்பட்டு அளவை குறைத்து சொல்லாதீர்கள். ஒரு குவாட்டரா, மூன்று குவாட்டரா, கடைசியாக எத்தனை மணிக்கு குடித்தார் என்பதை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள். அவர் சொல்ல மறைத்தால் கூட வந்த நீங்கள் சொல்லுங்கள்.