ஹார்ட் டிஸ்க்குக்கும் காற்று வேண்டும்

சித்திரை பிறந்துவிட்டால் என் சர்வீஸ் கடைக்கு ஸ்டுடியோக்காரர்களின் கம்ப்யூட்டர்கள் வரிசையாக வந்து சேரும். வேலூர் வெயிலில், மாடி அறையில், இரவு பகலாகக் கல்யாண வீடியோ எடிட்டிங் ஓடும் இயந்திரங்கள் அவை. பிராசஸருக்கு ஃபேன் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கும் இருக்கும். ஊர்க்காரர்களின் கல்யாணமும் காதுகுத்தும் வளைகாப்பும் பதிந்திருக்கிற ஹார்ட் டிஸ்க் மட்டும் மூலையில் காற்றே படாமல் காய்ந்துகொண்டிருக்கும். பிராசஸர் போனால் புதிது வாங்கலாம். அந்தப் பதிவுகளை எங்கே போய் வாங்குவது?

ஹார்ட் டிஸ்க் ஏன் சூடாகிறது? உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுழல்கின்றன. தட்டின் வெளிவிளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசல், சுழற்றும் மோட்டார், தகவலைப் படிக்கும் முனையை இங்குமங்கும் நகர்த்தும் காந்தச்சுருள், அடியில் உள்ள சர்க்யூட் போர்டு எல்லாம் சேர்ந்து 6 முதல் 10 வாட் வரை வெப்பமாகிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். மூடிய பெட்டிக்குள், நகராத காற்றில், இரண்டு டிஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளியின்றி மாட்டினால் அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை.

பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்சவரம்பு 60 டிகிரி. அதுவரை போகலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 45-க்குக் கீழே வைத்திருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அதே நேரம், எவ்வளவுக்கு எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவுக்கு நல்லது என்பதும் சரியல்ல. கூகுள் பொறியாளர்கள் மூவர், தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிதமான வெப்பத்தில் ஓடியவற்றைவிட மிகக் குளிர்ச்சியாக ஓடியவையே அதிகம் பழுதானதாக அதில் தெரிந்தது. மிக அதிக வெப்பத்தின் பாதிப்பு, மூன்று வயதைத் தாண்டிய டிஸ்க்குகளில்தான் தெளிவாக வெளிப்பட்டது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் இருப்பவை பெரும்பாலும் அந்த வயதைக் கடந்தவை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்கைக் குளிர்விக்கக் கடைகளில் கிடைக்கும் கூலர்கள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் திருகி மாட்டும் தகடு. அதில் சின்னச் சின்ன ஃபேன்கள் இருக்கும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நாலு முனை ஒயரில் இணைத்தால் சர்க்யூட் போர்டின் மேல் நேராகக் காற்று வீசும். இன்னொன்று, பழைய சிடி டிரைவ் இருந்த இடத்தில் டிஸ்க்கைப் பொருத்தி முன்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும் வகை. இரண்டும் பலன் தரும். ஆனால் சின்ன ஃபேன் போதிய காற்றைத் தர வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் கீச்சென்று இரையும், சீக்கிரம் தேயும். அடித்தகட்டு ஃபேன் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். தகடு போர்டை மூடிக்கொண்டு சூட்டை வெளியே விடாது.

போன கோடையில் ஒரு ஸ்டுடியோவின் கேபினட்டைத் திறந்தேன். முன்பக்கச் சல்லடையில் தூசி பஞ்சுமெத்தை போல் அப்பியிருந்தது. இரண்டு டிஸ்க்குகள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. மேல் டிஸ்க்கில் கை வைத்துத் தாங்க முடியவில்லை. டிஸ்க்கின் வெப்பத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் 54 டிகிரி காட்டியது. அடியில் மாட்டியிருந்த கூலரின் ஒரு ஃபேன் அசையவே இல்லை. அந்தக் கூலரைக் கழற்றிவிட்டு, தூசியை ஊதி, ஒரு டிஸ்க்கை ஓர் அறை கீழே இறக்கி, முன்பக்கத்தில் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை மாட்டினேன். அதே எடிட்டிங் ஓடும்போது 43-க்கு இறங்கியது, சத்தமும் குறைந்தது.

முன்பக்கம் பெரிய ஃபேன் மாட்ட இடமில்லாத கேபினட்டுக்குத்தான் கூலரைப் பரிந்துரைக்கிறேன். மற்றவர்கள் முதலில் காற்றுக்கு வழிவிடுங்கள். டிஸ்க்குகளுக்கு நடுவே ஓர் அறையைக் காலியாக விடுங்கள். நாலு திருகையும் இறுக்கி மாட்டுங்கள்; அதிர்வு குறையும், கேபினட்டின் இரும்பு வழியாகவும் சூடு இறங்கும். டிஸ்க் மூடியில் ‘இதை மூடாதீர்கள்’ என்று குறிக்கப்பட்ட மூச்சுத்துளை இருந்தால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஃபேன் சுற்றுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எந்த ஃபேனாலும் அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக டிஸ்க்கை ஆக்க முடியாது. அறையே 40 டிகிரியில் இருந்தால் டிஸ்க் அதற்கு மேல்தான் இருக்கும். அப்படிச் சுடும் மதிய வேளைகளில் பெரிய ரெண்டரிங் வேலையை இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

நன்றாகக் குளிர்ந்த டிஸ்க்கும் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். கூலருக்குச் செலவழிக்கும் முன்பே இன்னொரு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதி எடுத்து, வேறு இடத்தில் வையுங்கள். இருக்கிற டிஸ்க்கை நீண்ட நாள் ஓட வைக்கத்தான் ஃபேன் உதவும். டிஸ்க் போனபின் பதிவுகளைத் திருப்பித் தருவது அந்த இரண்டாவது பிரதி மட்டுமே.