மணலைப் பழக்குதல்

பள்ளி அறிவியல் கண்காட்சியில் இந்த மேசை தவறாமல் இருக்கும். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, பஞ்சு, கரி, மணல், கூழாங்கல் என்று அடுக்கி, கலங்கல் தண்ணீரை ஊற்றுவார்கள். கீழே தெளிந்த நீர் சொட்டும். ஆனால் உண்மையில் வியக்க வேண்டியது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் மணலுக்குள் நடக்கும். அதற்குள் பாட்டில் குப்பைக்குப் போயிருக்கும்.

0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள மணலை நெருக்கி அடைத்தால் மணிகளுக்கு இடையே சுமார் 30 மைக்ரான் சந்து இருக்கும். காலராக் கிருமியின் பருமன் ஒரு மைக்ரான்கூட இல்லை. அத்தனை பெரிய வாசல் வழியே அது தாராளமாக நுழைந்து போகலாம். ஆனாலும் 1892இல் மணல் ஒரு நகரத்தையே காலராவிலிருந்து காத்தது.

ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க்கும் அல்டோனாவும் ஒட்டிக்கிடந்த நகரங்கள். ஹாம்பர்க் ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டது. அல்டோனாவின் நிலைமை அதைவிட மோசம்: ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகுதான் அதற்குத் தண்ணீர். ஆனால் அந்த நீரை மெதுவாக மணல் படுகைக்குள் இறங்கவிட்டுப் பிறகே ஊருக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஹாம்பர்க்கில் 8,000க்கும் மேற்பட்டோர் காலராவால் இறந்தார்கள். அல்டோனாவில் நோய் அந்த அளவுக்குப் பரவவில்லை. இரு நகரங்களின் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் காலரா, எதிர்ப்பக்கம் இல்லை. காலராக் கிருமியை ஆராய்ந்த ராபர்ட் காக் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டே ஹாம்பர்க்கும் மணல் வடிகட்டிக்கு மாறியது.

காத்தது வெறும் மணல் அல்ல. நாள்தோறும் நீர் இறங்க இறங்க, மணலின் மேல் சில சென்டிமீட்டரில் பாக்டீரியா, பாசி, ஒருசெல் உயிரிகள் எல்லாம் குடியேறி வழுவழுப்பான படலமாகப் படர்கின்றன. நீரோடு வரும் நோய்க்கிருமி இதில் ஒட்டிக்கொள்கிறது. பசித்த ஒருசெல் உயிரிகள் அதைத் தின்றுவிடுகின்றன. தப்பி ஆழத்துக்குப் போனதும் அங்கே உணவும் ஆக்சிஜனும் இன்றி மடிகிறது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல இந்த மணலையும் பழக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் வரை ஆகலாம்.

வீட்டிலேயே இதைச் செய்யலாம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மான்ஸ் 1990களில் வகுத்த முறை இது. உயரமான தொட்டியின் அடியில் கூழாங்கல், அதன் மேல் பொடிக்கல், அதற்கும் மேல் அரை மீட்டருக்குக் குறையாமல் கழுவிய மெல்லிய மணல். ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம். அதில் அழுக்கும் கிருமியும் ஏற்கெனவே இருக்கக்கூடும். தூள் போகக் கழுவிச் சலித்த கல்லுடைப்பு மணலே மேல்.

நுட்பம் முழுவதும் குழாயில் இருக்கிறது. அடியிலிருந்து கிளம்பும் குழாயை மேலே வளைத்து, அதன் வாயை மணல் மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாத வேளையிலும் மணலின் மேல் அந்த அளவு நீர் நிற்கும். வறண்டால் படலம் செத்துவிடும். நீர் கூடுதலாக நின்றால் காற்றிலுள்ள ஆக்சிஜன் படலத்தை எட்டாது. அந்த 5 சென்டிமீட்டர் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. மின்சாரமோ மருந்தோ இல்லாமல், ஒரு குழாயின் உயரம் மட்டுமே கோடிக்கணக்கான உயிர்களை மூச்சுவிட வைக்கிறது. குளோரின் கலந்த நீரை மட்டும் இதில் ஊற்றக் கூடாது.

பள்ளிப் பாட்டிலில் பார்த்த கரியின் வேலை வேறு. அதன் நுண்துளைகள் வாடையையும் நிறத்தையும் பிடித்துவைக்கும், கிருமியைக் கொல்லாது. துளைகள் நிரம்பியதும் கரியை மாற்ற வேண்டும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் மூன்றும் நீரில் கரைந்தவை. மணலும் கரியும் அவற்றைத் தடுக்காது. நன்றாகப் பழகிய வடிகட்டியிலும் சில கிருமிகள், குறிப்பாக வைரஸ்கள், தப்பிவரும். ஆகவே குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

மாதங்கள் போனால் நீர் இறங்குவது மந்தமாகும். அப்போது தொட்டியைக் கவிழ்த்து மணலைக் கழுவிவிட வேண்டாம். மேல்மணலை மட்டும் விரலால் மெல்லக் கலக்கி, கலங்கிய நீரைக் கோப்பையால் மொண்டு கொட்டினால் போதும். அடிமணல் அசையாமல் இருந்தால் சில நாட்களில் படலம் மறுபடி படரும்.