“எல்லாம் மாயை” என்று சொல்லிவிட்டால் போதுமா?

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் ஆறுதலாகச் சொல்லும் வார்த்தைகளில் ஒன்று, “எல்லாம் மாயைம்மா, மனசைத் தேத்திக்க” என்பது. பதுளைப் பக்கத்து லயங்களிலும் இதைக் கேட்கலாம், வன்னியிலும் கேட்கலாம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் பெண்கள் 2009 வரை யுத்தத்தில் அகப்பட்டுப் பிள்ளைகளையும் கணவன்மாரையும் பறிகொடுத்தார்கள். ஊவாவும் தப்பவில்லை. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவனைப் பெற்ற தாயிடம் போய், “உன் பிள்ளையும் மாயைதான்” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அத்துவைதம் என்ற தத்துவத்தின் பேரில்தான் இந்த வார்த்தை சொல்லப்படுகிறது. ஆனால் அத்துவைதம் அப்படிச் சொல்லவில்லை.

ஆதிசங்கரர் வழிவந்தவர்கள் காட்டும் உதாரணம் கயிறும் பாம்பும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு இருட்டில் லயத்துக்குத் திரும்புகிறோம். வழியில் ஏதோ வளைந்து கிடக்கிறது. பாம்பென்று பதறிப் பின்வாங்குகிறோம். வெளிச்சம் பட்டதும் அது கயிறு. பாம்பு இல்லைதான், ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டதும் வேர்த்ததும் பொய்யா? பயந்தவளின் தவிப்பை இந்தத் தத்துவம் மறுக்கவில்லை. கயிற்றைப் பாம்பாகப் பார்த்ததைப் போல, நம்மை நாமே வேறொன்றாகப் பார்த்துவிடுகிறோம் என்பதே அது சொல்வது. அந்தப் பிழையான பார்வை விலகுவதைத்தான் முக்தி என்கிறது. செத்தபின் வேறோர் இடத்துக்குப் போவது அல்ல, உயிரோடு இருக்கும்போதே கிடைக்கக்கூடியது.

யுத்தம் நம் பெண்களுக்கு எத்தனை பெயர்களை வைத்திருக்கிறது! விதவை, அகதி, காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி. நிவாரணப் படிவத்தில் எழுதிய அந்தப் பெயர் மெல்ல மெல்ல நெஞ்சிலும் ஒட்டிக்கொள்கிறது. நான் என்றால் இவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது. தூக்கம் வராத இரவுகள்தான் அதிகம், தெரியும். ஆனாலும் எப்போதாவது ஒரு மணி நேரம் அயர்ந்து தூங்கியிருப்பீர்கள். அந்த நேரத்தில் விதவை என்ற பெயர் எங்கே போனது? பெயர் இல்லை, துக்கம் இல்லை, ஆனால் நீங்கள் இருந்தீர்கள். எழுந்ததும் “நல்லாத் தூங்கினேன்” என்று சொன்னதும் நீங்கள்தான். நனவு, கனவு, உறக்கம் மூன்றிலும் மாறாமல் இருக்கும் அந்த ‘நான்’ யார் என்று தேடச் சொல்கிறது அத்துவைதம். ரமண மகரிஷியின் ‘நான் யார்?’ என்ற சிறு நூலின் கேள்வியும் இதுவே. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, பேசாதிருந்த அந்த இளம் துறவி எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னர் அந்த நூலாயின.

இதெல்லாம் காவி கட்டிய ஆண்களுக்கல்லவா என்று கேட்கலாம். நமது ஊவா மாகாணத்திலேயே பதில் இருக்கிறது. நாம் கால்நடையாகப் போய்க் கும்பிடும் கதிர்காமத்தில் கலியாணகிரி, கேசபுரி என்ற துறவிகள் வாழ்ந்தார்கள். கிரி, புரி என்பவை சங்கரர் வழித் துறவிகளின் பத்துப் பெயர்களில் உள்ளவை. அங்கே பாலசுந்தரி என்ற பெண் துறவியும் இருந்தார். வடஇந்திய அரச குடும்பத்தில் பிறந்த அவர், தன்னை மணக்க விரும்பிய கண்டி மன்னனை மறுத்துத் தவத்திலேயே நிலைத்தார் என்ற மரபுக் கதையை சேர் பொன்னம்பலம் அருணாசலம் எழுதி வைத்திருக்கிறார். கதிர்காமம் போய் வரும் நம் பெண்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

துறவறம் பூணாத ஒருத்தியும் உண்டு. அவர்தான் எச்சம்மாள். வட ஆர்க்காட்டு மண்டகொளத்தூர்க்காரர். தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் சிலரும் அந்த மாவட்டத்தை விட்டுத்தான் கப்பலேறினார்கள். இளம் வயதிலேயே கணவனையும், ஒரே மகனையும், ஒரே மகளையும் அடுத்தடுத்து இழந்தவர். சாதுக்களுக்குத் தொண்டு செய்து பார்த்தார், மனம் ஆறவில்லை. திருவண்ணாமலையில் விரூபாட்ச குகையில் இருந்த ரமணரைத் தேடிப் போனார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எச்சம்மாளும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் நின்றிருந்தார். பாரம் இறங்கியது. “எல்லாம் மாயை” என்று அங்கே யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதற்காக அவர் உலகத்தை விட்டுவிடவுமில்லை. திருவண்ணாமலையிலேயே வீடு எடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார். செல்லம்மாள் என்ற பெண்பிள்ளையை வளர்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார். பேரன் பிறந்தான், ரமணன் என்று பெயரிட்டார்கள். பிறகு ஒருநாள், செல்லம்மாள் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. எச்சம்மாள் தந்தியைத் தூக்கிக்கொண்டு ரமணரிடம் ஓடினார். படித்த அவர் கண்களில் நீர் நிறைந்தது. இறுதிக் கிரியை முடிந்து, தாயில்லாக் குழந்தையை அவர் கையில் வைத்தபோதும் அப்படியே. ஞானிக்குக் கண்ணீர் வராது என்று யார் நமக்குச் சொல்லித் தந்தார்களோ!

ஆகவே காணாமல்போன மகனைத் தேடுகிறவள் தேடுவதை நிறுத்த வேண்டியதில்லை. அழுகிறவள் அழலாம். ‘நான் யார்’ என்ற கேள்வி கொழுந்து பறிக்கும் கைக்கும் தடையில்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாகத் தோன்றுகிற அளவுக்குப் போனவர்களுக்கோ இந்தக் கேள்வி மட்டும் போதாது. அவர்கள் வைத்தியசாலைக்குப் போகவேண்டும், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்குப் பேசவேண்டும். தத்துவம் மருந்துக்கு மாற்று அல்ல.

எச்சம்மாள் ஒவ்வொரு நாளும் சமைத்து, அதை ரமணருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். செல்லம்மாள் போன பிறகும் அந்தச் சமையல் நிற்கவில்லை, 1945இல் அவர் இறக்கும் வரை.