எழுந்து நின்றவர் ஏன் சரிந்தார்?

2023 ஜனவரி 2, அமெரிக்காவின் சின்சினாட்டி. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் எதிராளியை மடக்கிப் பிடித்த 24 வயது வீரர் டமார் ஹாம்லின் எழுந்து நின்றார். மறுகணமே மல்லாக்கச் சரிந்தார்.

மாரடைப்பு அல்ல அது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை அடுத்த துடிப்புக்காகத் தன் மின்நிலையைச் சீராக்கிக்கொள்கிறது. அதில் நொடியின் சிறு துளியளவே நீளும் ஒரு பலவீனமான தருணம் உண்டு. சரியாக அப்போது நெஞ்சில் அடி விழுந்தால், நல்ல இதயமும் தாறுமாறாக நடுங்கலாம்; அப்படி நடுங்கினால் ரத்தம் நகராது. தனக்கு நேர்ந்தது இதுவே என்று ஏப்ரலில் ஹாம்லினே அறிவித்தார்.

அணி மருத்துவக் குழு உடனே நெஞ்சை அழுத்தியது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்தினால்தான் மூளைக்குப் போதிய ரத்தம் போகும். அதோடு தரப்படும் மின்னதிர்ச்சி இதயத்தின் நடுக்கத்தை நிறுத்தி, இதயம் தன் தாளத்தைப் பிடிக்க வழிவிடுகிறது. கண் விழித்ததும் ஹாம்லின், ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று எழுதிக் கேட்டாராம். மூளை தப்பியதற்கு வேறென்ன சான்று வேண்டும்! அதே ஆண்டு மீண்டும் களமிறங்கினார்.