நூறு பிள்ளைகள் இல்லாத பள்ளியின் இசைச் செலவு

இந்தக் கணக்கில் முதலில் எழுத வேண்டிய எண் 100. அது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை வகுப்புகள் உள்ள பள்ளியில் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால் கலைக்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது அது. நூறைத் தாண்டாத பள்ளிக்கு அந்த வரி பொருந்தாது. ஐந்தாம் வகுப்போடு நிற்கும் தொடக்கப்பள்ளியைப் பற்றி அந்த வரி பேசவே இல்லை.

சேலம் நகரத்தில் 100 சாதாரண எண். சேர்வராயன் மலையில் அப்படி இல்லை. ஏற்காட்டிலிருந்து குப்பனூர்ப் பக்கம் இறங்கும் சாலையில் வரும் கொட்டச்சேடு போன்ற மலைக் கிராமங்களில் காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக்கொடிகளுக்கும் நடுவே வீடுகள் சிதறிக் கிடக்கும். ஊர் சிறியதானால் பள்ளியும் சிறியதுதான். ஏற்காட்டில் 1917 முதல் மான்ட்ஃபோர்ட் பள்ளி நடக்கிறது. அதுபோல் கட்டணம் கட்டிப் படிக்கும் உறைவிடப் பள்ளிகளின் வரவு செலவு வேறு, அதில் நான் கை வைக்கவில்லை. இங்கே போடுவது 40 பிள்ளைகள் உள்ள ஓர் அரசுப் பள்ளிக்கான கணக்கு. வாரம் இரண்டு பாடவேளை, ஒன்று 40 நிமிடம், ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 பாடவேளை, அதாவது 53 மணி 20 நிமிடம்.

செலவில் பெரிய தலைப்பு ஆசிரியர். 2012-இல் தமிழக அரசு இசை, ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று பல பாடங்களுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதம் 5,000 ரூபாய்; வேலை வாரத்துக்கு மூன்று அரைநாள். 2021-இல் அது 10,000 ஆனது, 2024-இல் 12,500. மே மாதத்துக்குச் சம்பளம் தரப்படவில்லை என்பது அவர்களுடைய பழைய வழக்கு. அந்த 2024 சம்பளத்தையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். 12,500-ஐ 12 அரைநாளுக்கு வகுத்தால் அரைநாளுக்கு 1,042 ரூபாய். அரைநாள் மூன்று மணி நேரம் என்றால் மணிக்கு 347. பதினோரு மாதத்துக்கு 1,37,500. இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாப் பொருளையும் இதோடு ஒப்பிடப் போகிறேன்.

பொருள் பக்கம் வந்தால் பாதிச் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் 101.48 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்டன. வகுத்துப் பார்த்தால் ஒன்று 12,729 ரூபாய். திறன்மிகு வகுப்பறைகள் 22,931, செலவு 455.32 கோடி, அறைக்கு 1,98,561 ரூபாய். கணக்கும் அறிவியலும் நடத்த வாங்கியவை இவை. ஆனால் அந்தக் கைக்கணினியில் இலவசத் தம்புராச் செயலி ஒன்றை இறக்கினால் அதுவே சுருதிப்பெட்டி, கூடுதல் செலவு பூஜ்யம். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கிய பிறகும், பல ஆண்டுகள் அது வித்துவான்கள் வீட்டிலும் பாட்டு வகுப்பிலும் மட்டுமே இருந்த பெட்டி. இன்று அது ஒரு பொத்தான்.

பொத்தானைத் தட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கட்டைச் சுருதி என்றால் ஆண் குரலுக்கு ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை சௌகரியம், அது 196. இரண்டுக்கும் விகிதம் ஒன்றரை. ஷட்ஜத்தின் ஒன்றரை மடங்குதான் பஞ்சமம். ஆக, ஆசிரியரின் பஞ்சமம்தான் பிள்ளைகளின் ஷட்ஜம். இது தெரியாமல் வாத்தியார் தன் சுருதியை வைத்துக்கொண்டு பாடச் சொன்னால் நாற்பது பிள்ளைகளில் பாதிப் பேர் முனகுவார்கள், மீதிப் பேர் கத்துவார்கள். பிறகு “இந்தப் பசங்களுக்குச் சங்கீதம் வராது சார்” என்று தீர்ப்பு எழுதப்படும். செயலியில் விரலை நகர்த்தி ஐந்து கட்டைக்கு மாற்ற ஆகும் செலவும் பூஜ்யம்தான்.

இந்தச் சுருதிப்பெட்டிக்கு ஒலிபெருக்கி வாங்க மட்டும் பணம் வேண்டும். கைக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் வெளியே வராது. தம்புராவின் மந்தர ஷட்ஜம் ஒரு கட்டைக்கு 65 ஹெர்ட்ஸ்; அந்த அதிர்வு அந்தத் தகட்டிலிருந்து பிறக்க வழியில்லை. மேல் சுரங்களை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்கிறது, ஆனால் நாற்பது பேர் வாய் திறந்த அறையில் அந்த ஊகம் எடுபடாது. வாங்கும்போது ஒயர் போட்டு இணைக்கும் ஸ்பீக்கராகப் பாருங்கள். புளூடூத்தில் ஒலி 100 முதல் 200 மில்லிநொடி வரை பிந்தி வரும். வெறும் சுருதிக்கு அது பொருட்டில்லை. தாளத்துக்குப் பொருட்டு: நொடிக்கு ஓர் அட்சரம் என்று போட்டால் அட்சரத்துக்கு நான்கு சுரம் வரும் மூன்றாம் காலத்தில் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 250 மில்லிநொடி. 200 பிந்தினால் ஏறக்குறைய ஒரு சுரமே போய்விட்டது. இணையத்தில் வாத்தியாரும் பிள்ளைகளும் சேர்ந்து பாட முடியாததற்கும் இதே போன்ற தாமதம்தான் காரணம். கேட்டுத் திருப்பிச் சொல்லலாம், கூடப் பாட முடியாது.

இனி பிள்ளைகளுக்கு வாங்கப்போகும் குழலும், மலைக் குளிரும். ஏற்காடு 1,515 மீட்டர் உயரம். உயரத்தால் குழலின் சுருதி மாறும் என்று பலர் நினைக்கிறார்கள், மாறாது. காற்றழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் ஒலியின் வேகத்தில் அவை ஒன்றையொன்று ஈடு செய்துகொள்கின்றன. மாற்றுவது வெப்பநிலை. 30 டிகிரியில் ஒலி நொடிக்கு 349.5 மீட்டர் போகும், 15 டிகிரியில் 340.4. சேலத்து வெயிலில் 440 ஹெர்ட்ஸுக்குச் சரிபார்த்து வாங்கிய புல்லாங்குழல், மார்கழிக் காலையில் மலையில் 15 டிகிரியில் 428.5 பேசும். அரைக்கட்டை இறக்கம் என்றால் 415.3. ஆக, அரைக்கட்டையில் கிட்டத்தட்டப் பாதி இறங்கிவிட்டது. செயலிக்குக் குளிர் தெரியாது. அது 440-லேயே நிற்கும். இரண்டையும் சேர்த்து ஒலித்தால் நொடிக்குப் பதினொரு முறைக்கு மேல் அலையடிக்கும். பிள்ளை ஊதியதில் பிழை இல்லை, காற்றுதான் குளிர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றினால் மூச்சின் வெப்பத்தில் பெரும்பகுதி மீண்டுவிடும். மீதியைச் செயலியின் நுண்சுருதி அளவைக் கீழே இறக்கிச் சரிக்கட்டலாம். மூங்கிலுக்குப் பதில் பிவிசி குழாயில் செய்த குழல் வாங்கினால் ஈரத்தில் வெடிக்காது, ஆனால் இந்த இறக்கம் அதற்கும் உண்டு. குளிர்வது குழலுக்குள் இருக்கும் காற்று அல்லவா.

தோல் கருவிகளுக்கு எதிரி பனிமூட்டம். ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பறையடிப்பவர்கள் தீயில் காய்ச்சிக்கொண்டுதான் அடிக்கத் தொடங்குவார்கள். வகுப்பறையில் தீ மூட்ட முடியாது என்பதால் முதல் ஆண்டில் மிருதங்கம் வேண்டாம் என்பேன். தாளத்துக்குக் கையும் தொடையும் சில ஜோடி ஜால்ராவும் போதும். ஏழு தாள அலங்காரங்களுக்கும் மனிதக் கை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது.

கீபோர்டும் வேண்டாம். இதில் எனக்குச் சண்டை வரும் என்று தெரியும். ஆண்டு விழா மேடையில் அது இருந்தால் பெற்றோருக்கு ஒரு நிறைவு. ஆனால் ஒரு கீபோர்டு, 40 பிள்ளைகள், 40 நிமிடம் என்றால் பாடவேளைக்கு ஆளுக்கு ஒரு நிமிடம். ஆண்டு முழுவதும் 80 நிமிடம். தலைக்கு ஒரு குழல் இருந்தால் 53 மணி நேரமும் எல்லார் கையிலும் வேலை இருக்கும். கமகம் பழக்கவும் கட்டைகளைவிட விரல் மூடும் துளைதான் நல்லது.

டேட்டாவைப் பற்றி மலைவாசிகள் கவலைப்படுவது நியாயம், அதிலும் கணக்கு சாதகமாகவே இருக்கிறது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு 57.6 எம்பி. நொடிக்கு ஒரு மெகாபிட் வீடியோ என்றால் 450 எம்பி. பாட்டுக்கு வாத்தியார் முகம் தேவையில்லாத இடத்தில் ஒலியாக மட்டும் இறக்கினால் எட்டில் ஒரு பங்கு செலவு. சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கி 32 ஜிபி அட்டையில் போட்டால் 555 மணி நேரம் கொள்ளும். நம் பள்ளிக்குப் பத்தாண்டுப் பாடவேளை. மின்சாரம் இன்னும் மலிவு. பத்து வாட் ஸ்பீக்கர், ஐந்து வாட் கைக்கணினி, 53 மணி நேரம்: 800 வாட்-மணி. ஆண்டு முழுவதற்கும் ஒரு யூனிட் ஆகவில்லை.

அந்த அட்டையில் 555 மணி நேரமும் சமவெளிப் பாட்டாக இருக்க வேண்டியதில்லை. சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகள் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதும் 3,57,980 பேர்; மாநிலத்துப் பழங்குடியினரில் 100-க்கு 45 பேர். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா. பள்ளிக்கு விடுமுறை, பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், வீட்டில் ஒரு கைப்பேசி இருக்கும். பாட்டியிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, பத்து மணி நேரம் பதிந்தாலும் 576 எம்பிதான். ஜூன் மாதம் அதுவே முதல் பாடமாகலாம். இலவச ஆடாசிட்டி மென்பொருளில் வெட்டி ஒட்டலாம், மியூஸ்ஸ்கோரில் சுரமெழுதிப் பார்க்கலாம். நோட்டுப்புத்தகத்தில் ஸ ரி க ம எழுதினாலும் குறைவில்லை.

இனிக் கூட்டல். விலைகள் கணக்குக்காக வைத்தவை. சேலம் கடைவீதியில் கூடக் குறைய இருக்கும்.

ஒயர் ஸ்பீக்கர்: 1,500
கேபிள்: 150
32 ஜிபி அட்டை: 400
குழல் 40, ஒன்று 250: 10,000
ஜால்ரா 6 ஜோடி, ஒன்று 250: 1,500
மொத்தம்: 13,550

தலைக்கு 339 ரூபாய். ஆசிரியரின் ஒரு மணி நேரத்துக்கு 347 என்று மேலே போட்டோமே, அதைவிடக் குறைவு. ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழலை இன்னொரு பிள்ளையின் வாயிலிருந்து வாங்கி ஊதக் கூடாது என்பதால்தான் நாற்பது; மறு ஆண்டு உடைந்ததற்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் மட்டும் வாங்கினால் போதும்.

பணம் எங்கே? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதி 22,500-இல் மின்கட்டணம், சுண்ணாம்புக்கட்டி, உடைந்த ஜன்னல் எல்லாம் வரும். விளையாட்டுக்குத் தனியாக 5,000 முதல் 25,000 வரை உண்டு, நூலகத்துக்கும் தனித் தலைப்பு உண்டு. இசைக்கு அந்த வரிசையில் தலைப்பு இல்லை. ஆனால் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, மலைப்பள்ளிப் பிள்ளையும் மேடையேறிப் போட்டியிட வேண்டும்.

ஆகவே கடைசி வகுத்தல், ஆசிரியருக்கு. 40 பிள்ளைகள் உள்ள மூன்று பள்ளிகளைச் சேர்த்தால் 120, நூறு தாண்டிவிட்டது. ஒரு பகுதிநேர ஆசிரியரின் மூன்று அரைநாளைப் பள்ளிக்கு ஒன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் வாரம் மூன்று மணி நேரம் கிடைக்கும். தேவை 80 நிமிடம்தான். பள்ளிக்கு ஆண்டுச் செலவு 45,833 ரூபாய். சட்டம் பள்ளியைத் தனித்தனியாக எண்ணுகிறது, சேர்த்து எண்ண அரசாணை ஒன்று வேண்டும். கூடவே அந்த ஆசிரியர் ஊருக்கு ஊர் போய்வரப் பேருந்துக் காசு. அதை மாதச் சம்பளத்துக்குள்ளேயே அடக்கச் சொன்னால் வேலைக்கு ஆள் வர மாட்டார்கள்.