குற்றவியல் கல்வியும் நம் இளைஞரும்



கண்டி மாநகரின் நடுவே 1876ஆம் ஆண்டில் எழுந்த பொகம்பறைச் சிறைச்சாலை 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். நீதித்துறை என்றதும் அத்தகைய மதில்களும் காவலருமே நம் நினைவில் எழுகின்றன. ஆயின், குற்றத்துக்கும் சிறைக்கும் இடையில் கற்றோர் ஆற்றவேண்டிய பணிகள் பலவுண்டு.

குற்றம் புரிந்தோரைச் சிறைக்கனுப்பாது மேற்பார்வையில் விட 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் வழிவகுத்தது. நன்னடத்தை அலுவலர் ஒருவனது குடும்பநிலை, கல்வி, தொழில் ஆகியவற்றை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார். சிறைக்குப் பதிலாகச் சமுதாயப் பணி விதிக்க 1999ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வந்தது.

இங்கேதான் நமது கடமை பிறக்கிறது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்வோர் பலரின் தாய்மொழி தமிழ். நீதிமன்ற நடவடிக்கையின் மொழி அறியாதவருக்கு மொழிபெயர்ப்பு வசதியை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமையாக்கியுள்ளது. ஆனால், மொழிபெயர்க்க ஆளில்லையேல் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயன்றோ? தாயின் கண்ணீர்க் கதையை அவள் சொன்னவாறே கேட்டறியாத அலுவலர் எவ்வாறு மகனைப் பற்றி அறிக்கை எழுதுவார்?

குற்றவியலை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும், சமூகவியலை அருகிலுள்ள பேராதனையிலும், சட்டத்தைக் கொழும்பிலும் பயிலலாம். சட்டத்தரணியாக விரும்புவோர் 1874ஆம் ஆண்டில் தோன்றிய சட்டக் கல்லூரியின் பரீட்சைகளிலும் சித்தியெய்த வேண்டும்.

மாணவர்களே, எத்துறையைத் தெரிந்தாலும் தமிழோடு சிங்களத்தையும் பிழையறக் கற்றுக்கொள்ளுங்கள். கூண்டில் நிற்பவன் சொல்வது நீதிபதியின் செவிக்கு எட்டுவதே நீதியின் முதற்படி.